கிராஷ் கார்டா, ஃபிரேம் ஸ்லைடரா: விழுகிற பைக்கின் அடி எங்கே போய்ச் சேர்கிறது?

சென்ற ஆண்டு என் அக்கா மகன் புதிதாக ஒரு யமஹா ஆர்15 வாங்கினான். வண்டி வீட்டுக்கு வந்த மறு வாரமே, "மாமா, இதற்குக் கிராஷ் கார்டு போடலாமா, ஃபிரேம் ஸ்லைடர் போடலாமா?" என்று கேட்டான். கிராஷ் கார்டு என்பது எஞ்சினுக்கு முன்னால் வளைத்துப் பொருத்தும் இரும்புக் குழாய்; ஃபிரேம் ஸ்லைடர் என்பது எஞ்சினின் இருபக்கமும் போல்ட்டில் கோத்து வைக்கும் குட்டையான பிளாஸ்டிக் கட்டை. பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பைக்கில் ஊர் சுற்றுகிறவன் என்ற மிதப்பில், "எதைப் போட்டால் என்ன, விழாமல் ஓட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் எவ்வளவு அரைகுறையானது என்பது, அவன் கடையில் காட்டியதை வாங்கி மாட்டி, மூன்றாம் மாதத்தில் அந்த ஸ்லைடரின் போல்ட்டை எஞ்சினிலிருந்து கழற்ற முடியாமல் என் வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. அதில் முதல் நாளிலிருந்தே கம்பிக் கார்டு இருப்பதால், அது ஏன் அங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அவனுடைய வண்டியையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு சாமான்களும் எந்த போல்ட்டில் தொங்குகின்றன, விழுந்தால் அந்த அடி எங்கே போகும் என்று பார்த்த பிறகு எனக்குப் புலப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கார்டானாலும் ஸ்லைடரானாலும் அது வண்டிக்கான காப்பு, ஓட்டுகிறவருக்கான காப்பு அன்று. ஹெல்மெட்டுக்கும் கையுறைக்கும் கணுக்கால் மறைக்கும் பூட்ஸுக்கும் ஒதுக்கிய பணத்திலிருந்து எடுத்து இதற்குச் செலவிடுவதாக இருந்தால், இரண்டுமே வேண்டாம் என்பதே என் கருத்து.

எந்த விழுகைக்காக வாங்குகிறோம்?

கடைக்குப் போவதற்கு முன், நம் வண்டி எப்படி விழக்கூடும் என்று நாமே கேட்டுக்கொள்வது நல்லது. நின்ற இடத்தில் சாய்வது ஒரு வகை. மழைக்குப் பின் இளகிய மண்ணில் சைடு ஸ்டாண்டு புதைவதும், கத்திரி வெயிலில் தார் குழைந்து அதே ஸ்டாண்டு மெல்ல இறங்குவதும், கல்யாண மண்டப வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் ஒன்றை யாரோ தட்டிவிட மற்றவை அடுத்தடுத்துச் சரிவதும், சரிவான இடத்தில் வண்டியைத் திருப்பும்போது ஊன்றப்போன காலுக்குத் தரை எட்டாமல் போவதும் இந்த வகைதான். நகர்ந்துகொண்டிருக்கும்போது சறுக்குவது அடுத்த வகை. தண்ணீர் லாரி சிந்திவிட்டுப் போன ஈரம், டிராக்டர் டயரிலிருந்து உதிர்ந்த களிமண், கிராமச் சாலையில் வாகனங்கள் ஏறிப் போகட்டும் என்று பரப்பி வைத்திருக்கும் கொள்ளுச் செடியும் சோளக் கதிரும், இவற்றில் ஏதாவது ஒன்று முன்சக்கரத்தை வாரிவிடும். வேகமாக வளைவில் போகும்போது டயர் பிடி விட்டு, வண்டி ஒரு பக்கமாகப் படுத்து இழுபட்டுப் போவது மூன்றாவது வகை. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இறங்கும் அவசரத்தில் இப்படி விழுந்தவர்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். எதன்மீதாவது நேராக மோதுவதையும் ஒரு வகையாகச் சேர்க்கலாம். ஆனால் பேருந்தின் முன் ஒரு அங்குலக் குழாய்க்கும் கட்டைவிரல் பருமன் போல்ட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் அதை இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கி வைக்கிறேன்.

நின்ற இடத்தில் விழுவதைப் பலர் சாதாரணமாக எண்ணுகிறார்கள். கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. நிமிர்ந்து நின்ற வண்டி பக்கவாட்டில் சாய்ந்து படுக்கும்போது அதன் எடை மையம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தச் சாய்வில் வெளிப்படும் ஆற்றல் 570 ஜூல் அளவில் வரும். ஐம்பது கிலோ அரிசி மூட்டையை ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் போடுவதற்கு இது சமம். இந்த ஆற்றல் முழுவதும் ஒரே புள்ளியில், ஒரே சென்டிமீட்டர் நசுங்கலில் அடங்க வேண்டுமென்றால், அந்தப் புள்ளியில் விழும் சராசரி விசை ஐந்தரை டன்னுக்கும் அதிகம். அதே ஆற்றல் மூன்று சென்டிமீட்டர் வளைவில் அடங்கினால் விசை இரண்டு டன்னுக்குக் குறைந்துவிடும். உண்மையில் ஹேண்டில்பார் முனையும் ஃபுட்ரெஸ்டும் டயரும் இதில் பங்கு வாங்கிக்கொள்வதால் கணக்கு இத்தனை கறாராக இராது. எனினும் எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கிறதோ அவ்வளவுக்கு அடி குறையும் என்ற விகிதம் மாறாது. கார்டுக்கும் ஸ்லைடருக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இந்த விகிதத்திலேயே தொடங்குகிறது.

கம்பிக் கார்டின் பலமும் பலவீனமும்

நம் ஊரில் லெக் கார்டு, சேஃப்டி கார்டு, கிராஷ் கார்டு, பம்பர் என்று பல பெயர்களில் அழைக்கப்படும் இந்தச் சாமான், பெரும்பாலும் ஓர் அங்குல விட்டத்தை ஒட்டிய இரும்புக் குழாயை வளைத்து, ஃபிரேமின் முன்பக்க இறங்கு குழாயில் மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் முடுக்கி வைப்பது. இரும்புக் குழாய் வளையும். வளையும்போது ஆற்றலை விழுங்கும். நின்ற இடத்தில் விழும் வண்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கார்டு சற்றே உள்நோக்கி மடங்கும், குரோம் பூச்சில் கீறல் விழும், டேங்கும் எஞ்சின் கவரும் தரையைத் தொடாமல் தப்பும். இன்னொரு நன்மையைத் தனியாக வண்டியைத் தூக்கியவர்கள் மட்டுமே உணர்வார்கள்: அகலமான கார்டு வண்டியை முழுவதும் படுக்கவிடாமல் ஒரு சாய்வில் நிறுத்திவிடுவதால், முட்டியை மடக்கி இடுப்பைக் கொடுத்துத் தூக்குவது எளிது. கீழே காலும் மாட்டிக்கொள்ளாது. போதாக்குறைக்கு, அதில் ஃபாக் லைட்டைக் கட்டலாம், நீண்ட பயணத்தில் காலை நீட்டி வைக்கலாம், மளிகைப் பையைக்கூடத் தொங்கவிடலாம். கடைசியாகச் சொன்னதற்காகவே எங்கள் தெருவில் பாதிப் பேர் கார்டு போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கார்டு காலைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையை மட்டும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து, ஹாரி ஹர்ட் தலைமையிலான தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகக் குழு 1981-இல் வெளியிட்ட அறிக்கையில், கிராஷ் பார்கள் காயத்தைக் குறைக்கப் பயன்தரும் வழியல்ல என்று முடிவு கூறப்பட்டது. கணுக்காலிலும் பாதத்திலும் குறைந்த காயங்களை, தொடையிலும் முழங்காலிலும் கீழ்க்காலிலும் கூடிய காயங்கள் ஈடுகட்டிவிட்டன என்பதே அதன் காரணம். அது அந்தக் காலத்து வண்டிகளையும் அந்த ஊர்ச் சாலைகளையும் பற்றிய ஆய்வு என்பது உண்மைதான். ஆனாலும் வேகத்தில் நேரும் விபத்தில் இரும்புக் குழாய் யாருக்கும் கவசமல்ல என்ற அளவில் அதை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை.

கார்டின் பலவீனம் ஓடும்போது விழுகையில் வெளிப்படுகிறது. இரும்பு, தார்ச் சாலையில் வழுக்குவதைவிட உரசுகிறது. சாலையோர மண்ணிலோ, குழியின் விளிம்பிலோ அந்த வளைவு மாட்டிக்கொண்டால், இழுபட்டுப் போய்க்கொண்டிருந்த வண்டி குத்தி நின்று கரணம் அடித்துவிடும். அப்படி ஒரு முறை புரண்டால், கார்டு இல்லாமல் வெறுமனே இழுபட்டிருந்தால் பிழைத்திருக்கும் முன்விளக்கும் மீட்டரும் ஹேண்டில்பாரும் சேர்ந்து போகும். மேலும், இரண்டே இடத்தில் முடுக்கிய மலிவான கார்டு பலமான அடியில் பின்னோக்கித் திருகிக்கொண்டு, தான் காக்க வந்த டேங்கிலேயே சொட்டை விழச் செய்வதுண்டு. ரேடியேட்டர் உள்ள வண்டியில் அது இன்னும் மோசம். வாங்கும்போது குழாயின் பளபளப்பைப் பார்க்காமல், ஃபிரேமைத் தொடும் தகட்டின் தடிமனையும், அந்தத் தகட்டில் உள்ள வெல்டிங்கையும், இடதும் வலதுமான பாதிகளை இணைக்கும் குறுக்குக் கம்பி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அகலமும் ஒரு தொல்லை: கோவை காந்திபுரம் சிக்னலில் இரண்டு ஆட்டோக்களுக்கு இடையில் நுழைந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஸ்லைடர்: பந்தயத் தடத்திலிருந்து வந்த எண்ணம்

ஃபிரேம் ஸ்லைடர் பிறந்த இடம் பந்தயத் தடம். அங்கே வண்டி நின்ற இடத்தில் விழுவது அரிது. வளைவில் டயர் பிடி விட்டுப் படுத்து, அகன்ற தார்ப்பரப்பில் நெடுந்தூரம் இழுபட்டுப் போவதே வழக்கம். அங்கே வேண்டியது, வழுக்கிச் செல்லும்போது தன்னைத் தேய்த்துக்கொண்டு, ஃபேரிங்கையும் (வண்டியின் பக்கங்களை மூடும் பிளாஸ்டிக் உறை) ஃபிரேமையும் எஞ்சின் கவரையும் தேயவிடாமல் காக்கும் ஒரு கட்டை. எனவேதான் இதை டெல்ரின் என்ற வணிகப் பெயரால் அறியப்படும் அசிட்டால் பிளாஸ்டிக்கிலோ, நைலானிலோ, மிக அடர்ந்த பாலிஎத்திலீனிலோ கடைந்தெடுக்கிறார்கள். பாலிஎத்திலீன் மென்மையானது, நன்றாக வழுக்கும். டெல்ரின் விறைப்பானது, வடிவம் மாறாது. நைலான் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. இந்த மூன்றில் எதுவானாலும் பெரிய குறையில்லை. கவனிக்க வேண்டியது, நம் சந்தையில் ஸ்லைடர் என்ற பெயரில் விற்கப்படும் அலுமினிய உருளைகளையும், இரும்புத் தண்டின் முனையில் ரப்பர் தொப்பி செருகியவற்றையும். அலுமினியம் தாரின் வெடிப்புகளில் கொத்தும். ரப்பர் வழுக்கவே வழுக்காது, பிடிக்கும். பெயருக்கே பொருந்தாத சாமான் அது.

வழுக்குவது நல்லதா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் படுத்த வண்டி, தரையோடு எவ்வளவு உரசுகிறது என்று காட்டும் உராய்வுக் கெழு 0.4 என்றால் ஏறத்தாழ 35 மீட்டர் இழுபட்டு நிற்கும். அதுவே 0.25 என்றால் 57 மீட்டர் போகும். பந்தயத் தடத்தில் அந்த 22 மீட்டர் கூடுதலாகப் போவதால் பெரிய கேடில்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ, கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ வளைவுக்கு வெளியே இடம் விட்டிருக்கிறார்கள். மலைச்சாலையில் அந்த 22 மீட்டருக்குள் எதிரே வரும் பேருந்தும், தடுப்புச் சுவரும், அதற்கப்பால் பள்ளமும் இருக்கின்றன. ஸ்லைடர் வண்டியின் தோலைக் காக்கும், ஆனால் அது போய்ச் சேரும் இடத்தை மாற்றிவிடக்கூடும்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மருமகன் போட்டிருந்த ஸ்லைடர், எஞ்சினை ஃபிரேமுடன் இணைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, அதே துளையில் நீளமான வேறொரு போல்ட்டைச் செலுத்தி, அதன்மேல் கட்டையைக் கோத்து முடுக்கும் வகை. அவன் விழுந்தது பெரிய வேகத்தில் அன்று. பொள்ளாச்சி சாலையில் ஒரு திருப்பத்தில் சிதறிக் கிடந்த ஜல்லியில் சறுக்கி வலப்பக்கம் படுத்திருக்கிறான். வண்டியைப் பார்த்தபோது முதலில் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. கட்டையின் வெளிமுகம் பிறை நிலாவைப் போல ஒரு பக்கம் மட்டும் சமமாகத் தேய்ந்து, அதன் விளிம்பில் கறுத்த தாரும் மணல் துகள்களும் பதிந்திருந்தன. ஃபேரிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கழற்ற ஸ்பேனரைப் போட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. போல்ட் சுழலும்போது கட்டையின் முனை நேராகச் சுற்றாமல் ஒரு வட்டமடித்தது, அதாவது போல்ட் உள்ளே வளைந்திருந்தது. பாதி கழன்று இறுகிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தபோது, துளையின் வாயில் சுருள் சுருளாக வெள்ளிப் பொடி வந்தது. இரும்பு போல்ட் தன்னோடு எஞ்சினின் அலுமினிய மரையையும் பிடுங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. கடைசியில் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், வளைந்த போல்ட்டை அறுத்தெடுத்து, துளையைப் பெரிதாக்கி, ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளைச் செருகிப் புது மரை போட்டுத் தந்தார்கள். ஃபேரிங்கில் மிச்சப்பட்டது பட்டறையில் போயிற்று.

இதில் யார் தவறு என்று பார்த்தால், பொருளின் தவறு பாதி, பொருத்திய முறையின் தவறு பாதி. ஃபேரிங்கைத் துளையிடாமல் போட வேண்டும் என்பதற்காக, கட்டையை மூன்று அங்குலத்துக்கு மேல் வெளியே தள்ளியிருந்தார்கள். ஒரு தண்டின் முனையில் விழும் அடி, அதன் அடிவாரத்தில் எவ்வளவு வளைக்கும் விசையாக மாறும் என்பது தண்டின் நீளத்தைப் பொறுத்தது. நீளம் இரட்டித்தால் அடிவாரத்தில் வளைக்கும் விசையும் இரட்டிக்கும். கட்டையோ வளைந்து கொடுக்காத பொருள், எனவே அந்த ஒரு சென்டிமீட்டர் நசுங்கல்கூடக் கிடைக்காமல், அடி அப்படியே போல்ட்டுக்கும் மரைக்கும் போகிறது. அந்த மரை ஃபிரேமில் இருந்தால் ஒரு கதை, எஞ்சின் வார்ப்பில் இருந்தால் வேறு கதை. மோசமான நிலையில் ஃபிரேமின் காதே நெளியும். நெளிந்த ஃபிரேமை மாற்றுவது செலவோடு முடிவதில்லை, ஆர்.சி.யில் பதிவான சேஸிஸ் எண் அதன்மீது அடிக்கப்பட்டிருப்பதால் ஆர்.டி.ஓ. அலுவலக வேலையும் சேர்ந்துகொள்கிறது. சில நூறு ரூபாய் பிரேக் லீவர் உடைந்து முடிந்திருக்க வேண்டிய விழுகை, வண்டியின் முதுகெலும்பு வரை போய்விடுவதற்கு ஒரு தவறான ஸ்லைடர் போதும்.

ஆகவே ஸ்லைடரைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டையைவிட அதன் பிடிமானத்தைப் பார்க்க வேண்டும் என்பதே என் அனுபவம். எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஊடுருவிச் செல்லும் நீண்ட தண்டில் இரு முனையிலும் பொருத்தப்படுவது, வார்ப்பில் மரையிட்ட குட்டை போல்ட்டில் தொங்குவதைவிடப் பல மடங்கு நம்பகமானது. இரண்டு போல்ட்டுகளில் அமரும் தகடு வழியாகப் பொருத்தப்படும் வகை, அடியைப் பங்கிட்டுக்கொள்ளும். ஃபேரிங்கை வெட்டாமல் போடும் வகையில் கட்டையை போல்ட்டின் நேர்கோட்டிலிருந்து விலக்கி வைக்கும் கோணலான பிராக்கெட் இருக்கும். பார்வைக்கு நல்லது, பலத்தில் ஒரு படி கீழ். துளையிட்டுப் போடும் வகை பலமானது. ஆனால் விற்கும்போது அந்த ஓட்டை வாங்குகிறவரின் கண்ணில் முதலில் படும். ஃபேரிங்கின் விளிம்புக்கு வெளியே ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் நீட்டியிருப்பது போதுமானது. ஆர் அண்டு ஜி, புய்க், எஸ்டபிள்யூ மோட்டெக் போன்ற வெளிநாட்டுத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனிப் பொருத்துசாமான் செய்கிறார்கள். விலை நம் உள்ளூர்ச் சாமானைப்போலப் பல மடங்கு. உள்ளூரிலும் குறிப்பிட்ட மாடலுக்கென்றே செய்யப்பட்டவை கிடைக்கின்றன. "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுதியிருப்பதை மட்டும் தொடாதீர்கள்.

பொருத்தும்போது எஞ்சினுக்குக் கீழே ஜாக்கியோ மரக்கட்டையோ கொடுத்துத் தாங்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மவுண்ட் போல்ட்டை மட்டும் கழற்ற வேண்டும். டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) இல்லாத கடையில் எஞ்சின் மவுண்டில் கைவைக்க விடக்கூடாது. ஒரு முறை விழுந்த பிறகு கட்டை நன்றாக இருந்தாலும் போல்ட்டைக் கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்து, சிறிது கோணினாலும் புதிதாக மாற்றிவிட வேண்டும். இதைச் செய்யாததுதான் எங்கள் வீட்டில் நடந்தது. அவன் அதற்கு முன்பே ஒரு முறை வீட்டு வாசலில் வண்டியைச் சாய்த்திருந்தான் என்பது பட்டறையில்தான் தெரியவந்தது.

பேச்சில் வராத சிறு சாமான்கள்

கார்டா ஸ்லைடரா என்ற வாதத்தில் அடிபட்டுப்போகும் சில மாற்று வழிகள், பணத்துக்கு ஈடான பலனில் இரண்டையும் மிஞ்சக்கூடியவை. முதலாவது, சைடு ஸ்டாண்டின் அடியில் முடுக்கும் அகலத் தகடு. புதைவதால் விழும் வண்டியை அது விழவே விடாது. அதுகூட இல்லாதவர்கள் டேங்க் பையில் ஒரு தட்டையான ஓட்டுச் சில்லு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எஞ்சின் பக்க மூடிகளுக்கான மேலுறை அடுத்தது. வண்டி படுத்தால் ஒரு பக்கம் கிளட்ச் கவரும் மறுபக்கம் மேக்னெட் கவரும் தரைக்கு அருகே வருகின்றன. இவை மெல்லிய அலுமினிய வார்ப்புகள். இடப்பக்கம் விழும்போது கியர் லீவர் உள்நோக்கி மடங்கி இந்த மூடியைக் குத்தி ஓட்டை போடுவதும் உண்டு. ஓட்டை விழுந்தால் எண்ணெய் முழுவதும் சாலையில்; வண்டி அங்கேயே நின்றுவிடும், அந்த எண்ணெயில் பின்னால் வருகிறவரும் விழுவார். பந்தயங்களில் ஸ்லைடரைவிட இந்த மேலுறைக்கே விதிகள் அதிக முக்கியத்துவம் தருவதற்கு இந்த எண்ணெய்தான் காரணம். நடுச்சாலையில் தவிக்கவிடுவது கீறல் அல்ல, உடைந்த லீவரும் ஓட்டையான கவரும்தான் என்பதால், மலைப்பயணம் போகிறவர்கள் கிளட்ச், பிரேக் லீவர்களில் தலா ஒன்றை உபரியாக எடுத்துச் செல்வது எந்தக் காப்புக்கும் குறைந்ததல்ல. ஹேண்டில்பார் முனையில் பொருத்தும் கனமான பார் எண்டும், முன்சக்கர அச்சுக்குள் தண்டு செலுத்தி இருபுறமும் பொருத்தும் சிறு கட்டைகளும் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. ஸ்லைடர் போட்ட வண்டி படுக்கும்போது ஹேண்டில் முனை, ஸ்லைடர், பின்பக்கம் ஃபுட்ரெஸ்டோ அச்சோ என்று மூன்று புள்ளிகளில்தான் நிற்கிறது என்பதால், நடுவில் உள்ளதை மட்டும் காத்தால் மற்ற இரண்டும் அடி வாங்கும்.

எதுவுமே போடாமல் காப்பீட்டை நம்புவதும் ஒரு வழிதான். ஆனால் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்குத் தன் வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. முழுமையான பாலிசியிலும், தேய்மானமில்லாக் கூடுதல் காப்பு எடுக்காவிட்டால், பிளாஸ்டிக், ரப்பர், நைலான் உறுப்புகளுக்குப் பாதி விலையைக் கழித்துக்கொண்டே தருவார்கள். ஃபேரிங் முழுக்கப் பிளாஸ்டிக். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காக 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறும் போனஸும் ஒரு கிளெய்மில் போய்விடும். இரண்டாயிரம் ரூபாய்க் கீறலுக்குக் கிளெய்ம் போடுவது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. வெளியில் வாங்கிப் போட்ட கார்டுக்கும் ஸ்லைடருக்கும், பாலிசியில் கூடுதல் சாமானாகக் குறிப்பிடாவிட்டால் எதுவும் கிடைக்காது.

சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டி, அனுமதியின்றிப் பொருத்தப்படும் கிராஷ் கார்டுகளையும் புல் பார்களையும் அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. கார், ஜீப்புகளின் முன்னால் உள்ள கம்பிகள் பாதசாரிகளுக்கு ஆபத்து என்பதே அதன் அடிப்படை. ஆனால் கிராஷ் கார்டு என்ற சொல் பொதுவாக இருந்ததால் பைக் ஓட்டிகளிடையே குழப்பம் வந்தது. வண்டித் தயாரிப்பாளரே தன் மாடலுக்கென்று விற்கும் கார்டை ஷோரூமிலேயே பில்லோடு பொருத்திக்கொள்வது இந்த வம்புக்கும், பின்னால் வாரண்டி பற்றி எழும் பேச்சுக்கும் ஒருசேரப் பாதுகாப்பு.

என் தீர்ப்பு

கிளாசிக் 350, புல்லட், ஹிமாலயன் போன்ற கனமான, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளுக்குக் கம்பிக் கார்டையே சொல்வேன். இவை விழுவது பெரும்பாலும் நின்ற இடத்திலும் ஊர்ந்து போகும்போதும். அங்கே வளைந்து கொடுப்பதே உதவும், வழுக்குவது உதவாது. இவற்றின் ஃபிரேமிலும் கார்டை மாட்ட நேரான இடம் இருக்கிறது. ஹிமாலயன் போல மண்பாதையில் ஓட்டப்படும் வண்டிக்கு மேல் கார்டும் கீழ்க் கார்டும் இணைந்த, பல இடங்களில் முடுக்கும் வகை கூடுதல் செலவுக்குத் தகுந்தது.

ஆர்15, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 போன்ற முழு ஃபேரிங் வண்டிகளுக்குக் கார்டு பொருந்தாது. பொருத்த முயன்றால் ஃபேரிங்கின் வடிவத்தைச் சுற்றி வளைத்துக் கொண்டுவர வேண்டியிருப்பதால் நெம்புகோல் நீளம் கூடிவிடும். அங்கே ஸ்லைடர்தான், ஆனால் இரண்டு போல்ட் தகட்டில் அமர்ந்த, குட்டையான, அந்த மாடலுக்கென்றே செய்த ஸ்லைடர். அது கிடைக்காவிட்டால் கிடைத்ததை மாட்டுவதைவிட, எஞ்சின் மேலுறையும் பார் எண்டும் போட்டுவிட்டு ஃபேரிங்கை அதன் தலைவிதிக்கு விடுவதே மேல். ஃபேரிங்கை மாற்றலாம், ஒட்டலாம், ஸ்டிக்கர் போட்டு மறைக்கலாம். ஃபிரேமை அப்படிச் செய்ய முடியாது.

டியூக், எம்டி-15 போன்ற ஃபேரிங் இல்லாத இளைஞர் வண்டிகளில்தான் முடிவெடுப்பது கடினம். அண்மைக் காலமாகக் கம்பிக் கார்டின் நுனியில் நைலான் கட்டை பதித்த கலப்பு வகைகள் இவற்றுக்கு நிறைய வருகின்றன. கோட்பாட்டில் வளையவும் வேண்டும் வழுக்கவும் வேண்டும் என்ற இரண்டையும் தருவது இதுதான். கட்டை உண்மையிலேயே குழாயின் அகலமான இடத்தில், தரை முதலில் தொடும் புள்ளியில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள, மெல்லச் சாய்த்து, எது முதலில் தரையைத் தொடுகிறது என்று கடை வாசலிலேயே பார்த்துவிடலாம். நான் இப்படிக் கேட்டபோது ஒரு கடைக்காரர் சிரித்தார். சாய்த்துப் பார்த்தோம், கட்டைக்கு இரண்டு விரற்கடை முன்பே ஃபுட்ரெஸ்ட் தரையைத் தொட்டுவிட்டது.

மருமகனுடைய ஆர்15-இல் இப்போது இரண்டு போல்ட் தகடு வகை ஸ்லைடர் இருக்கிறது, ஃபேரிங்கில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய துளை போட்டு. துளை போடும் அன்று அவன் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான். இருபுறமும் எஞ்சின் மேலுறை போட்டாயிற்று, சைடு ஸ்டாண்டுக்குத் தகடும் வந்துவிட்டது. என் கிளாசிக்கில் பழைய கார்டே இருக்கிறது. அதன் கீழ் போல்ட்டை மட்டும் இந்தச் சாக்கில் கழற்றிப் பார்த்தபோது பாதி மரை துருவேறிக் கிடந்ததால், அதை மாற்றினேன்.